பிரேக் மாட்டாத கார்

எங்கள் அப்பாவை யாராவது கெட்டிக்காரர் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கிற பழைய ஆட்கள் சும்மா இருக்கிறார்களா? "ஒங்கப்பா அந்தக் காலத்துலயே வீட்ல கார் செஞ்சவராச்சே!" என்று வாயைப் பிளக்கிறார்கள். செய்தார். அவர் கார் செய்த லட்சணத்தை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு ஏழு வயது. பெங்களூரில் ஜோகுபாளையத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. எங்கள் தெருமுனையில் இருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். கிளம்பும்போது, கூடத் தூக்கிக்கொண்டு போக முடியாத ஒரு பெரிய மரப்பெட்டியை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். சீமையிலிருந்து கப்பலில் வந்த பெட்டி அது. உள்ளே கார் இருந்தது. கார் என்றால் முழு கார் இல்லை. இரும்புச் சட்டம், நாலு சக்கரம், ஸ்டியரிங், மூட்டை நிறைய போல்ட்டும் நட்டும், எதை எதோடு பூட்டுவது என்று படம் போட்ட ஒரு புத்தகம். வாங்குகிறவரே வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டுமாம், அந்த ஊரில் அப்படி ஒரு வழக்கமாம். மேல்கூடு தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும், எஞ்சினும் தனி. "அப்ப பெட்டில என்னதான் இருக்குது?" என்று அம்மா கேட்டாள். "மத்ததெல்லாம் இருக்குது" என்றார் அப்பா.

மூன்று வருஷம் அந்தக் கார் எங்கள் கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் நின்றது. மிலிட்டரிக்காரர்கள் கழித்துப்போட்ட ஒரு பழைய எஞ்சின் அதற்குத் துணையாக வந்து சாக்கின் மேல் உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அப்பா காருக்கு அடியில் மல்லாந்து படுத்துவிடுவார். உடனே அம்மாவுக்குக் குரல் வரும். "ஏய், இங்க வா. இதப் புடி. லெஃப்ட்ல திருப்பு. இன்னுங் கொஞ்சம். போதும்னா போதும், அங்கியே நிறுத்து!" சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்க்க யாராவது ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அந்த யாராவது அம்மாதான். மாவுக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, சொன்ன பக்கம் திருப்புவாள். அந்த ஸ்டியரிங் ஒரு விரற்கடை சும்மா சுற்றும், அதற்கப்புறம்தான் சக்கரத்தைப் பிடிக்கும். அதை அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஒனக்கென்ன தெரியும்" என்று காருக்கு அடியிலிருந்து பதில் வரும்.

இது போதாதென்று சீட்டு உறை வேறு. சீட்டே வந்து சேரவில்லை, உறைக்கு என்ன அவசரம்? அப்பா எங்கிருந்தோ சிவப்பு ரெக்ஸின் வாங்கிவந்து, இந்த அளவுக்குத் தை என்று அம்மாவின் மடியில் போட்டார். அம்மாவின் மெஷின் ஜாக்கெட்டும் கான்வென்ட் பிள்ளைகளின் யூனிஃபாரமும் தைக்கிற மெஷின். ரெக்ஸினைக் கொடுத்தால் ஊசி படக் படக்கென்று ஒடிந்தது. அம்மா முனகிக்கொண்டே தைத்தாள். தைத்தவள் சும்மா தைத்தாளா, ஓரம் முழுக்க வெள்ளை பைப்பிங் வேறு கொடுத்தாள். யார் கேட்டார்கள் பைப்பிங்கை? முடித்ததும் அதை மடித்துத் தன் கல்யாணப் பட்டுக்கு மேலே டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதென்று எங்களைக் காலி செய்யச் சொன்னார். அப்பா வீடு தேடி அலைந்தார். ஜீவனஹள்ளியில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்து சொன்னார். முன்பு அரிசிக்கடையாக இருந்த வீடு. தெருவைப் பார்த்த முன் அறை முழுக்கப் பலகைக் கதவு, ஒவ்வொரு பலகையாகக் கழற்றினால் அறை அப்படியே தெருவுக்குத் திறந்துகொள்ளும். பின்னால் சமையலறையும் இன்னொரு அறையும்.

இதைக் கேட்டதும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அம்மாவுக்கு ரொம்ப நாளாக ஓர் ஆசை. நாலு பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு தையல் வகுப்பு நடத்த வேண்டும். ஜோகுபாளையத்து வீட்டில் மெஷின் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கிடந்தது, அங்கே வகுப்பு எங்கே நடத்துவது? இப்போது தெருவைப் பார்த்த வெளிச்சமான அறை. "எனக்காகத்தான் பாத்திருக்காரு. வாயத் தொறந்து சொல்லமாட்டாரு, அவ்ளோதான்" என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். காரை என்ன செய்வது என்று அம்மா கேட்டபோது, சிவாஜிநகரில் ஒரு மெக்கானிக்குக்குப் பேசி முடித்தாகிவிட்டது, குடிபோகிற அன்றைக்கு வந்து எடுத்துக்கொள்வான் என்றார் அப்பா.

அம்மா அன்றே ஆசாரியிடம் சொல்லித் துணி வெட்டுகிற நீள மேஜை ஒன்று செய்யச் சொன்னாள். நான் ஒரு அட்டையில் கலர் பென்சிலால் 'இங்கே தையல் கற்றுத்தரப்படும்' என்று எழுதினேன், கீழே கன்னடத்திலும் எழுதினேன். அட்டையின் மூலையில் ஒரு கத்தரிக்கோலும் வரைந்தேன். அம்மா அதை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

குடிபோன நாள் வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகு காலம். அதற்குள் புது வீட்டில் அம்மா முதலில் காலடி வைத்துப் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஏற்பாடு. காலையிலேயே இரண்டு மாட்டு வண்டிகள் வந்து நின்றன. முதல் வண்டியில் பாத்திரம், படுக்கை, டிரங்குப் பெட்டி, மெஷின் எல்லாம் ஏறின. இரண்டாவது வண்டியில் கட்டிலும் புது மேஜையும் போக வேண்டும். ஆனால் அப்பாவும் மாமாவும், அதாவது அம்மாவின் தம்பி, அந்த வண்டியில் எஞ்சினைத் தூக்கி வைத்தார்கள். கட்டிலைக் கழற்றி ஓரமாகச் செருகினார்கள். பிறகு ஒரு தாம்புக் கயிற்றை எடுத்து, ஒரு முனையை வண்டியின் பின்னாலும் மறு முனையைக் காரின் முன் அச்சிலும் கட்ட ஆரம்பித்தார் அப்பா.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மெக்கானிக் வரலீங்களா?" என்றாள்.

"அவனா? அவன் சரியில்ல. நான்தான் வேணாம்னுட்டேன்."

"அப்ப இத எங்க வப்பீங்க?"

அப்பா முடிச்சிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எங்க வப்பாங்க? முன் ரூம்லதான். பலகக் கதவு இருக்குதே, அதுக்காகத்தான அந்த வீட்டையே பாத்தேன்."

இவ்வளவுதான். ஏதோ உப்புக்கு விலை சொல்வதுபோல் சொன்னார். நான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "அப்ப அம்மா கிளாஸ் எங்க நடத்தும்?" என்று கத்தினேன். "பெரியவங்க பேசறப்ப ஒனக்கென்ன வேல?" என்றார் அப்பா. மேஜைக்கு இடமில்லை, அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அதைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். அந்த மேஜை இந்த ஜென்மத்தில் வந்து சேரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அதன் மேல் வடகம் காயவைத்தாள்.

அப்பாவுக்கு நாள் நட்சத்திரத்தில் மட்டும் குறையே கிடையாது. கார் கிளம்புவதற்கு முன் அதற்குப் பொட்டு வைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார். பிரேக் மிதிக்கிற கட்டை இருந்தது. அதிலிருந்து சக்கரத்துக்குப் போக வேண்டிய கம்பியை மாட்டவில்லை. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலை என்று பல ஞாயிற்றுக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்! எனக்கு வந்த கோபத்தில் நாலையும் பொறுக்கி அவர் மேலேயே எறிந்திருப்பேன்.

வண்டிக்காரர் வயதானவர், பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர். அவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏனு சார் இது, காரா கட்டிலா? எறக்கத்துல வந்து என் எத்து மேல மோதிச்சுன்னா?" என்றார். எத்து என்றால் கன்னடத்தில் மாடு. அதற்கும் அப்பாவிடம் பதில் இருந்தது. காரின் பின்னால் இன்னொரு கயிறு கட்டி அவரும் மாமாவும் பிடித்து இழுத்துக்கொண்டே வருவார்களாம். அவர் கையில் ஒரு மரக்கட்டையும் இருக்குமாம். அவசரமென்றால் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டுவிடுவாராம். "அந்தக் கட்டைய எந்த நேரத்துல போடறதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார். அப்படியானால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? மாமா முன்வந்து பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார். மாடுகள் நகர்ந்தன. தெருவைத் தாண்டுவதற்குள் மாமா காரைக் கொண்டுபோய்த் தெருக் குழாயில் முட்டினார். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, பிறகு திரும்பி வந்து மாமாவின் ஏழு தலைமுறையையும் இழுத்தார்கள்.

"எறங்குடா" என்றாள் அம்மா.

மாமா பேந்தப் பேந்த விழித்தார். அம்மா பால் தூக்கை என் கையில் கொடுத்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். சட்டத்தில் கால் வைத்து ஏறிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கண்ணாடி இல்லை, கதவு இல்லை, கூரை இல்லை. எலும்புக்கூடு மாதிரி ஒரு வண்டி. அதன் நடுவில் நெற்றி நிறையப் பொட்டும் தலை நிறைய கனகாம்பரமுமாக எங்கள் அம்மா. பின்னால் பார்க்காமலே, "இழுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அந்த ஊர்வலத்தை நான் எப்படிச் சொல்வேன்? முன்னால் சாமான் வண்டி, அதன் பின்னால் எஞ்சின் வண்டி, அதன் வாலில் கார், காரின் வாலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பாவும் மாமாவும். பக்கத்தில் ஒரு கையில் பால் தூக்கும் இன்னொரு கையில் தையல் அட்டையுமாக நான். அல்சூர் கடைத்தெருவில் சனங்கள் வேலையை விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். "ஏம்மா, காருக்குப் பருத்திக்கொட்ட போடறீங்களா, புண்ணாக்கு போடறீங்களா?" என்று ஒரு பூக்கடைக்காரன் கேட்டான். சைக்கிளில் போனவன் ஒருவன் கூடவே வந்து, "ஹாரன் அடி அக்கா" என்றான். என் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டு இடைவேளை வேறு. கேட்டைப் பிடித்துக்கொண்டு என் வகுப்பு முழுக்க நின்றது. முதல் பெஞ்சில் உட்காருகிறவள், "அது ஒங்கம்மாவாடி?" என்றாள். "ஆமாண்டி, ஒனக்கென்ன?" என்று நான் போட்ட சத்தத்தில் மாடே திரும்பிப் பார்த்தது. பாதிப் பால் அங்கேயே தளும்பிப் போயிற்று.

அம்மா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. கண் முன்னால் போகிற வண்டியின் மேலேயே இருந்தது. திருப்பம் வந்தால் முன்கூட்டியே கை நகர்ந்தது. அந்த ஒரு விரற்கடைச் சும்மா சுற்றலை முதலில் எடுத்துவிட்டு, பிறகு மெல்லத் திருப்பினாள். மாமா குழாயில் முட்டிய கார் அம்மாவின் கையில் நூல் பிடித்தமாதிரி போயிற்று. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் ஆத்திரம்தான். ஏமாற்றிய மனுஷனுக்கு இவ்வளவு ஒழுங்காக எதற்கு ஓட்ட வேண்டும்? நானாக இருந்தால் முதல் சாக்கடையிலேயே இறக்கியிருப்பேன்.

ஏரிக்கரை வந்தது. அங்கே ரோடு இறக்கமாகப் போகும். இடது கைப் பக்கம் ஏரி, அப்போது கைப்பிடிச் சுவர் ஒன்றும் கிடையாது. வலது பக்கம் மண்மேடு, அதில் வண்ணார்கள் துணி காயப்போட்டிருப்பார்கள். ரோடே ஏரிப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டு, "சார், உஷார்!" என்றார். அப்பா கட்டையை உயர்த்திக் காட்டி, "நீ நடி நடி" என்று கன்னடத்தில் போகச் சொன்னார்.

இறக்கத்தில் கால் வைத்ததும் கார் தானாக உருள ஆரம்பித்தது. முன் கயிறு தொய்ந்தது. பின் கயிறு விறைத்தது. மாமா, "ஐயோ கை எரியுது" என்று விட்டுவிட்டார். அப்பா ஒற்றை ஆளாகக் கயிற்றோடு இழுபட்டுக்கொண்டு ஓடினார். ஓடிக்கொண்டே கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். கட்டை சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் விழுந்தது. அதில் அவரே தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து அவர் போட்ட கூச்சல் என் காதில் இன்னும் இருக்கிறது. "பிரேக்கப் புடி! பிரேக்கப் புடி!"

எந்த பிரேக்கை? மாட்டவே மாட்டாத பிரேக்கை!

கார் எஞ்சின் வண்டியின் மேல் மோதப் போகிறது என்று தெரிந்தது. அம்மா இடது பக்கம் ஒடித்து வண்டியைத் தாண்டினாள். அந்த வெட்டில் அப்பா அவ்வளவு நேரம் குனிந்து போட்ட முன்முடிச்சு அவிழ்ந்துகொண்டது. இப்போது காரை யாரும் இழுக்கவில்லை, யாரும் பிடிக்கவும் இல்லை. முன்னால் இறக்கம், பக்கத்தில் ஏரி. ரோட்டின் சாய்வில் கார் தண்ணீரைப் பார்த்துப் போயிற்று. கரையில் நின்றவர்கள், "குதிம்மா, குதி!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். குதித்திருந்தால் என்ன, அம்மா புல்லில் விழுந்திருப்பாள், முழங்கால் சிராய்த்திருக்கும். கார் ஏரிக்குள் போயிருக்கும், முன் அறை அம்மாவுக்குக் கிடைத்திருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு நொடியில் இத்தனையும் தோன்றியது என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தோன்றியது.

அம்மா குதிக்கவில்லை. பெட்டியிலிருந்து பாதி எழுந்து, உடம்பு முழுவதையும் ஸ்டியரிங்கின் மேல் சாய்த்து, வலது பக்கம் திருப்பினாள். பின் சக்கரம் கரை ஓரத்துப் புல்லைப் பிய்த்துக்கொண்டு திரும்பியது. கார் ரோட்டைக் குறுக்கே கடந்து மண்மேட்டில் ஏறி, காய்ந்துகொண்டிருந்த வேட்டி துண்டெல்லாம் சுற்றிக்கொண்டு, ஓர் உறுமல்கூட இல்லாமல் நின்றது.

நான் ஓடிப் போனேன். அம்மாவின் கண்ணாடி வளையல்கள் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் கோடாக வந்திருந்தது. அப்பாவும் நொண்டிக்கொண்டே ஓடிவந்தார். வந்தவர் எங்கே போனார் தெரியுமா? குனிந்து காரின் அச்சைத் தடவிப் பார்த்தார். "வளையல" என்றார். அம்மாவின் கையைச் சொல்கிறாராக்கும் என்று நான் நினைத்தேன். அச்சு வளையவில்லையாம். அப்புறம் நிமிர்ந்து, கூடிவிட்ட கூட்டத்தைப் பார்த்து, "பாத்தீங்களா? நான் பூட்டின ஸ்டியரிங்! எப்படித் திரும்பிச்சு பாத்தீங்களா?" என்றார்.

"அம்மாதான் திருப்பிச்சு!" என்று நான் அலறினேன். யார் காதில் விழுந்தது? வண்டிக்காரர் ஒருவர்தான் அம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "என் எத்து ரெண்டையும் காப்பாத்திட்டீங்க தாயி" என்றார். துணிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள், மாமா அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அம்மா இறங்கவே இல்லை. முந்தானையைக் கிழித்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். "பிரேக்க என்னிக்கு மாட்டுவீங்க?" என்றாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம" என்றார் அப்பா.

கயிற்றை மறுபடி கட்டிக் கிளம்பினோம். அங்கிருந்து காக்ஸ் டவுன் தாண்டும்வரை நான் காரை ஒட்டியே நடந்தேன். எனக்கு அழுகை முட்டியது, கோபத்தில் வருகிற அழுகை. கடைசியில் கேட்டேவிட்டேன். "ஏம்மா, ஏரில விட்டிருக்கலாமில்ல? நீ குதிச்சிருந்தா அது போய்த் தொலஞ்சிருக்கும். ரூம்பு ஒனக்கே வந்திருக்கும்."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "போடி பைத்தியமே. பைப்பிங்லாம் வச்சு சீட்டு தச்சு வச்சிருக்கேன். அத அப்புறம் எதுக்குப் போடறது?"

ஒரு சீட்டு உறைக்காகவா! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. இந்த வீட்டில் எல்லோருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது, எனக்கு மட்டும்தான் தெளிவாக இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, அதற்கப்புறம் ஜீவனஹள்ளி வரும்வரை யாரோடும் பேசாமல் வந்தேன்.

ஒன்றரைக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அம்மா இறங்கிப் போய் வலது காலை எடுத்து வைத்து, தூக்கில் மிச்சமிருந்த கால்வாசிப் பாலைக் காய்ச்சி, பொங்கியதும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, திரும்பி வந்து மறுபடி பெட்டியின் மேல் ஏறிக்கொண்டாள். அப்பா பலகைகளை எண் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். முன் அறை திறந்துகொண்டது. எவ்வளவு வெளிச்சம்! சுவரில் அரிசி மூட்டை உரசிய கறை, தரையில் அங்கங்கே சிந்திய நெல், அதன் மேல் மத்தியான வெயில். அந்த அறையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. தெருவே கூடிவிட்டது. நாலு ஆட்கள் காரைத் தள்ள வந்து நின்றார்கள்.

அப்பா உள்ளே போய் அறை நடுவில் நின்றுகொண்டார். "நேரா வா. நடுவுல விடு. நாலு பக்கமும் நின்னு வேல செய்ய எடம் வேணும்."

ஆட்கள் தள்ளினார்கள். காரின் மூக்கு வாசலைத் தாண்டியதும் அம்மா ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினாள்.

"ஏய், எங்க போற? நடுவுல, நடுவுல!"

அம்மா அவரைப் பார்க்கவில்லை. இடது சுவரைப் பார்த்தாள். கார் சுவரை நோக்கிப் போயிற்று. இடித்துவிடும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். இடிப்பதற்குச் சற்று முன் வலது பக்கம் மறித்துத் திருப்பி நேராக்கினாள். சுவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும், அவ்வளவுதான் இடம். கார் சுவரோடு ஒட்டி நின்றது. வலது பக்கம் பாதி அறை காலியாகக் கிடந்தது.

"இப்படி விட்டா அந்தப் பக்கம் நான் எப்படி வேல செய்யறது?" என்று அப்பா கத்தினார்.

"ஒங்களுக்கு மூணு பக்கம் போதும்" என்றாள் அம்மா. தெருச் சனங்கள் சிரித்தார்கள். "டேய், மெஷின எறக்கிட்டு வா" என்று மாமாவிடம் சொன்னாள். மாமா மெஷினைத் தூக்கிவந்து காலி இடத்தில், வெளிச்சம் விழுகிற பக்கமாக வைத்தார். தள்ளின ஆட்களுக்கு அம்மா தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். இனி காரை எடுத்து நடுவில் வைக்க வேண்டுமென்றால் மறுபடி தெருவையே கூட்ட வேண்டும். அப்பாவுக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

பாதி அறைதான் கிடைத்தது என்று நான் வெகுநாள் அம்மாவோடு சண்டை போட்டேன். முழு அறையும் ஏரிக்கரையில் கைக்கு வந்தது, இவளே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்பது என் கட்சி. மேஜை இல்லாததால் அம்மா தரையில் பாய் விரித்துத் துணி வெட்டினாள். பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். என் அட்டை தெருவைப் பார்க்கக் காரின் பின்பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டது.

அப்பா என்ன செய்தார்? வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஏரிக்கரைக் கதையைச் சொன்னார். வருஷக்கணக்காகச் சொன்னார். அவர் சொல்கிற கதையில் அவர் பூட்டிய ஸ்டியரிங் இருக்கும், அவர் போட்ட கட்டை இருக்கும், மாமாவின் கையெரிச்சலும் வண்டிக்காரரின் மாடும் இருக்கும். பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தது யார் என்பது மட்டும் இருக்காது. கேட்பவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பாள் அம்மா. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பேன். பிற்பாடு அந்தக் காருக்குத் தகரத்தில் ஒரு கூடும் வந்தது, பிரேக்கும் வந்தது. அப்பா அதை ஊரெல்லாம் ஓட்டினார். அம்மா ஒரே ஒரு தடவை, "நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றாள். அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே அவரை நான் மன்னிக்கவில்லை. அன்று அம்மா பின் சீட்டில், தன் கையால் தைத்த சிவப்பு உறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அதெல்லாம் பிறகு. குடிபோன வருஷத்து ஆயுத பூஜையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பெங்களூரில் அந்தப் பண்டிகைக்குச் சைக்கிள் முதல் லாரி வரை எதற்கும் பொட்டும் பூவும் இல்லாமல் இருக்காது. எங்கள் முன் அறையில் அம்மா மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். கத்தரிக்கோலுக்கு வைத்தாள், அளவு டேப்புக்குக்கூட வைத்தாள். எல்லாம் மளமளவென்று. அப்புறம் கிண்ணத்தோடு காரில் ஏறிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் நடுவில் பொட்டு வைத்தாள். வைத்தவள் இறங்கவில்லை. கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு விரற்கடை இடது பக்கம் நகர்த்தினாள். மறுபடி வலது பக்கம் நகர்த்தினாள். எதிரே வெறும் சுவர்தான். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் உடைப்பதற்குப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். எனக்குப் பசி. தட்டில் பொரியும் கடலையும் காத்திருந்தன.

"ஒரு பொட்டு வைக்க எவ்ளோ நேரம்டி?" என்றார் அப்பா.

"ஆமாம்மா, சீக்கிரம் எறங்கு, பொரி நமுத்துப் போவுது!" என்று நானும் கத்தினேன். அந்த ஒருநாள் மட்டும் நானும் அப்பாவும் ஒரே கட்சி.